எறிந்தால் ஒழியுமா?

(மூங்கில்துறைப்பட்டுப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டால் உங்களில் பலருக்குச் சிரிப்புக்கூட வரலாம். சாமியைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ, கல்யாணத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் உடைந்த டெலிவிஷனைப் பற்றியும், அலமாரி மூலையில் கிடக்கும் பழைய செல்போனைப் பற்றியுமாகும். "இதற்கா இத்தனை பேரைக் கூட்டினீர்கள்?" என்று கேட்பீர்களானால், முடிவு வரையில் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். இந்த விஷயத்திலும் சாமி, ஜாதி, கல்யாணம் மூன்றும் வந்து சேரத்தான் போகின்றன. நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு, மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். இருபது, முப்பது வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்துக் கூரை வீடுகளில் மின்சார சாமான் என்று என்ன இருந்தது? ஒரு குண்டு பல்பு இருந்தது. வசதியுள்ள வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. 2006-ம் வருஷத்தில் சர்க்கார் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்க ஆரம்பித்தது. இந்த ராஜ்யத்தில் மாத்திரம் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் கொடுக்கப்பட்டன. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. அது போதாதென்று ஆளுக்கொரு செல்போன், அதற்கொரு சார்ஜர், கல்யாணத்துக்குக் கல்யாணம் சீர்வரிசையில் ஒரு பிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின். ஏழை வீட்டுக்கு இவை வந்ததை நான் குறை சொல்ல வரவில்லை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அடிமையாயிருந்த பெண்ணுக்கு ஒரு மிக்ஸியால் கிடைத்த ஓய்வு, ஆயிரம் விரதத்தால் கிடைத்ததில்லை. ஆதலால் வந்தது நல்லதுதான். ஆனால் வந்தவை எல்லாம் இப்போது எங்கே போயின என்றுதான் கேட்கிறேன்.

ஆயுத பூஜையன்று அந்த டெலிவிஷனுக்கும் மிக்ஸிக்கும் சந்தனம் வைத்தோம், குங்குமம் வைத்தோம், சூடம் காட்டினோம். கெட்டுப்போன மறுநாள் அதே "தெய்வம்" எங்கே போயிற்று? ஒன்று, பரணுக்குப் போயிற்று. இல்லையென்றால், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் போயிற்று. அதுவும் இல்லையென்றால், ஊர்க் குப்பைமேட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ போயிற்று. போகிப் பண்டிகை வந்தால் பாயோடும் துடைப்பத்தோடும் பழைய ஒயரும் டயரும் பிளாஸ்டிக் டப்பாவும் நெருப்பில் போயின. பூஜை செய்யத் தெரிந்த நமக்கு, அதற்குள் என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பூஜை என்பதே, யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளச் செய்த ஏற்பாடுதானே?

தோழர்களே! நம்மவர்களுக்குள் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. ஒன்று, நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்பது. மற்றொன்று, ஆறு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது. அக்கினியில் போட்டால் தீட்டுப் போகும், ஆற்றில் முழுகினால் பாவம் போகும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த புத்தி, குப்பை விஷயத்திலும் அப்படியே வேலை செய்கிறது. சாமி இல்லை, பேய் இல்லை என்று சொல்லுகிற நம் தோழர்கள்கூட, "எறிந்துவிட்டேன், ஒழிந்தது" என்று சொல்லும்போது இந்த மூடநம்பிக்கைக்கு ஆளாகிறார்கள். எறிந்த சாமான் ஒழிவதில்லை. அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நம் வீட்டிலிருந்து இன்னொருவன் வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து அவன் பிள்ளையின் உடம்புக்குள் போகிறது.

இதை நான் வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. அந்தப் பழைய குண்டு டெலிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படக்குழாயின் பின்பாகம் புனல் மாதிரி இருக்கும். அந்தப் புனல் கண்ணாடியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈயச் சத்து. பெட்டிக்குள் கிளம்பும் எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுக்க அந்த ஈயத்தை வேண்டுமென்றே சேர்த்தார்கள். பெட்டி முழுசாக இருக்கிற வரையில் அந்த ஈயம் கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. செம்புக் கம்பிச் சுருளுக்காக அதைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டால், ஈயம் கலந்த தூளும் துண்டும் மண்ணோடு கலக்கின்றன. ரேடியோ, டெலிவிஷன்களின் பச்சை அட்டைகளில் பற்றவைத்த பற்றிலும் ஈயம் உண்டு. டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. பழைய கம்பியில்லாப் போன்களின் பாட்டரி பலவற்றில் காட்மியம் என்ற உலோகம் இருக்கிறது. ஒயரின் மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக். செம்புக்காக அதைக் கொளுத்தினால் வருவது வெறும் புகையல்ல. டையாக்ஸின் என்று சொல்லப்படும் கொடிய விஷம் அதில் உண்டாகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகத்து வைத்தியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அது காற்றோடு வந்து புல்லில் படிந்து, மாட்டின் பாலில் ஏறி, திரும்பவும் நம் வீட்டுக்கே வருகிறது.

நெருப்பு ஈயத்தை என்ன செய்கிறது? அழிக்கவில்லை. பொடியாக்கிக் காற்றில் ஏற்றிவிடுகிறது, அல்லது சாம்பலில் விட்டு வைக்கிறது. எந்த மந்திரத்தாலும் எந்த அக்கினியாலும் ஒரு குன்றிமணி ஈயத்தைக்கூட இல்லாமல் செய்ய முடியாது. ஈயத்தில் இவ்வளவு வரை இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது. எலும்பில் போய்த் தங்கி வருஷக்கணக்கில் இருந்துவிடுகிறது. படிப்பு ஏறாமல், சொன்னது நினைவில் நிற்காமல் ஒரு பிள்ளை இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? தாயத்துக் கட்டுகிறோம், சரஸ்வதிக்குத் தேங்காய் உடைக்கிறோம், கடைசியில் "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிடுகிறோம். காயலான்கடைப் புகையில் வளர்ந்த ஒரு பிள்ளையின் தலையில் எழுதியது பிரம்மாவா, ஈயமா என்று ஒரு நாளாவது கேட்டோமா?

ஆறு கழுவிவிடும் என்ற பேச்சுக்கு வருவோம். உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, தென்பெண்ணை உங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது. அது நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூர்ப் பட்டணத்துக் கழிவையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூருக்கு வருகிறது. அங்கே கெலவரப்பள்ளி அணையில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை கிளம்பிப் பாலத்தையும் பாதையையும் மூடுவதைப் பத்திரிகைகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பெங்களூர்க்காரர் "ஆற்றில் விட்டோம், போயிற்று" என்று நினைத்தார். போய்விட்டதா? ஓசூர்க்காரர் வயலுக்கு வந்தது. அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து உங்களிடம் வருகிறது. மேலே இருக்கிறவரைப் பார்த்து நாம் கோபப்படுவது நியாயந்தான். ஆனால் நமக்குக் கீழே திருக்கோவிலூர் இருக்கிறது, கடலூர் இருக்கிறது. நாம் கரையில் கொட்டியது அவர்களுக்குப் போகிறதே, அதற்கு யார் கோபப்படுவது? 2024 டிசம்பர் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து விட்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளம் வரும்போது, கரையிலுள்ள குப்பைமேட்டை யார் வீட்டுக் குப்பை என்று கேட்டா அள்ளிக்கொண்டு போகும்?

இனி, பட்டணத்துக்குப் போன சாமானின் கதி என்ன என்று பார்ப்போம். டில்லியில் சீலம்பூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பழைய கம்ப்யூட்டரும் டெலிவிஷனும் அங்கே போய்ச் சேருகின்றன. சந்து சந்தாக ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் உட்கார்ந்து வெறுங்கையால் உடைக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் மொராதாபாத் என்று பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ராமகங்கை ஆற்றங்கரையில் பச்சை அட்டைகளைக் கொளுத்தி, சாம்பலை அரைத்துச் சலித்து ஆற்று நீரில் கழுவிச் செம்பு எடுத்திருக்கிறார்கள். தங்கம் எடுக்க அட்டைகளைத் திராவகத்தில் ஊறப் போடுகிறார்கள். மிச்சத் திராவகத்தைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். அவர்கள் கை வெந்திருக்கும், மார்பு இரைக்கும். ஆனாலும் அன்றாடக் கூலிக்கு அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

தோழர்களே! இந்த வேலை யார் தலையில் விழுகிறது? எந்த அக்ரகாரத்துப் பிள்ளையாவது, எந்தப் பண்ணையார் மகனாவது குப்பைமேட்டில் உட்கார்ந்து ஒயர் கொளுத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? பிறரின் அழுக்கை எடுப்பதற்கென்றே சில ஜாதிகளைப் பிறப்பிலேயே ஒதுக்கி வைத்த தேசம் இது. மலம் அள்ளியவனை "நீ கிட்டே வராதே" என்றார்கள். இன்று செல்போன் காலம் வந்துவிட்டது என்று பெருமை பேசுகிறோம். செல்போன் புதிது, அதன் குப்பையை எடுப்பவன் மாத்திரம் பழைய ஆள். நாட்டில் எந்த ஊரானாலும், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவரும் ஏழை முஸ்லிம்களும் பிழைப்புத் தேடி ஓடிவந்தவரும்தான் இதில் உழலுகிறார்கள். யந்திரம் புதிதாக வந்ததும் ஜாதி தானாகப் போய்விடும் என்று நினைத்தவர்கள், அந்த யந்திரம் குப்பையானதும் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் உண்மை விளங்கும். வேலைக்காரன் கையில் ஓர் உறை கொடுக்காமல், முகத்துக்குத் துணி கொடுக்காமல், நியாயமான கூலி கொடுக்காமல் நாம் அடையும் சுத்தம் சுத்தமாகாது; அது இன்னொருவன் ஆயுளைத் திருடிக்கொள்வதாகும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இது முழுவதும் விஷம்தானா?" என்று நினைத்துவிடாதீர்கள். இது பெரிய சொத்துமாகும். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப் பக்கங்களிலிருந்தும் நம் ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோலார் தங்கவயலுக்குப் போய்ப் பூமிக்குள் மைல் கணக்கான ஆழத்தில் இறங்கி வேலை செய்தார்கள். 2001-ல் அந்தச் சுரங்கத்தை மூடும் காலத்தில், ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. பழைய செல்போன்களை ஒரு டன் சேர்த்தால் அதில் 200 கிராமுக்கு மேல் தங்கம் இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளியும் செம்பும் அதற்கு மேல். இப்படிப்பட்ட பொருளைத்தான் நாம் ஒரு கை பேரீச்சம்பழத்துக்குக் கொடுக்கிறோம், அல்லது சாக்கடையில் போடுகிறோம்.

இதை விளங்கிக்கொள்ள நீங்கள் பட்டணத்துக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பாருங்கள். கரும்பைப் பிழிந்த பிறகு சக்கையை எறிந்துவிடுகிறார்களா? கொதிகலனுக்கு எரிபொருளாக்குகிறார்கள். கரூர்ப் பக்கத்துப் புகளூரில் சர்க்கார் காகித ஆலை சக்கையிலிருந்தே காகிதம் செய்கிறது. சர்க்கரை எடுத்த கழிவுப்பாகு சாராயச் சத்து எடுக்கப் போகிறது. ஆலை மண் வயலுக்கு எருவாகிறது. சக்கைக்கு மந்திரம் போட்டதால் இது நடக்கவில்லை. கணக்குப் பார்த்ததால் நடக்கிறது. கரும்புச் சக்கைக்கு உள்ள கணக்கு டெலிவிஷன் பெட்டிக்கு மாத்திரம் ஏன் இல்லை? ஆலைக்காரருக்குச் சக்கை தன் முற்றத்திலேயே கிடக்கிறது. கணக்குப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. டெலிவிஷன் செய்து விற்ற கம்பெனிக்காரருக்கோ, விற்ற பணம் மாத்திரம் முற்றத்துக்கு வருகிறது. குப்பை உங்கள் முற்றத்தில் நின்றுவிடுகிறது.

அதற்காகத்தான் சட்டம் வந்தது. மின்னணுக் கழிவுக்கென்று மத்திய சர்க்கார் 2011-ல் விதிகள் செய்து, 2012 மே மாதம் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. 2016-லும் 2022-லும் அவற்றைத் திருத்தி எழுதியது. கடைசியாகச் செய்தவை 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. அவற்றின் சாரம் இதுதான்: சாமானைச் செய்து விற்றவனே அதன் குப்பைக்கும் பொறுப்பாளி. முதல் இரண்டு வருஷங்களுக்கு நூற்றுக்கு 60 பங்கும், அடுத்த இரண்டு வருஷங்களுக்கு 70 பங்கும், 2027-28 முதல் 80 பங்கும் பதிவு பெற்ற ஆலைகளில் பிரித்தெடுக்கப்படும்படி அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் குப்பையோடு கலந்து வரும் மின்னணுச் சாமானைத் தனியே பிரித்துப் பதிவு பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும். இந்த வேலை செய்யும் தொழிலாளிகளை ராஜ்ய சர்க்கார் பதிவு செய்து, தொழில் பழக்கி, அவர்களுடைய சுகாதாரத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

சட்டம் நல்லதுதான். ஆனால் சட்டம் தானாக நடந்து வருமா? 2022-ம் வருஷத்தில் உலகமெங்கும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்துப் பிரித்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான். அந்தக் குப்பையைச் சேர்ப்பதில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடி நம் நாடு நிற்கிறது. 2024-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வீட்டு மின்னணுச் சாமான்களைப் பிரிக்கும் ஆலைக்குக் கிலோவுக்கு 22 ரூபாய்க்குக் குறையாமல் கம்பெனிகள் கொடுக்க வேண்டும் என்று கணக்குக் கட்டியது. உடனே சில பெரிய கம்பெனிகள், "இது எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போயின. பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும்போது கட்டுப்படியாகிறது. கிலோவுக்கு 22 ரூபாய் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை! பணக்காரனுக்குக் கோர்ட்டுக்குப் போக வக்கீல் இருக்கிறார். சீலம்பூரில் திராவகத்தில் கை வைப்பவனுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்களும் நானும்தான் இருக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வாங்குவதில் புத்தி வேண்டும். அடுத்த வீட்டுக்காரன் வாங்கினான் என்பதற்காகவும், சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் கடன்பட்டு வாங்குவது மானமுள்ளவர் செய்யும் காரியமல்ல. ஏற்கனவே இருக்கும் மிக்ஸிக்கு மேல் சீராக இன்னொரு மிக்ஸி வந்து, இரண்டில் ஒன்று பரணில் கிடக்கிறது. இருப்பதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு பையனோ பெண்ணோ பழுது பார்க்கும் தொழிலைக் கற்றால், அது ஊருக்கே லாபம்.

இரண்டாவது, கொளுத்தாதீர்கள், உடைக்காதீர்கள். போகியன்று ஒயரையும் பிளாஸ்டிக்கையும் நெருப்பில் போடும் அக்கிரமத்தை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் படக்குழாயைக் கல்லால் அடித்து வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

மூன்றாவது, பிரித்து வையுங்கள். கெட்டுப்போன போன், சார்ஜர், ஒயர், ரிமோட், டியூப்லைட், பாட்டரி இவற்றைச் சமையல் குப்பையோடும் எருக்குழியோடும் கலக்காதீர்கள். பாட்டரி உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, பற்றிக்கொள்ளக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியே வையுங்கள். டியூப்லைட்டை உடையாமல் அட்டையில் சுற்றி வையுங்கள். இன்வெர்ட்டர் பாட்டரியைப் புது பாட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். போனைக் கொடுக்குமுன் அதிலுள்ள படத்தையும் பாங்கிக் கணக்கையும் அழித்துவிடுங்கள்.

நான்காவது, கேளுங்கள். புதிது வாங்கும்போது கடைக்காரரைப் பார்த்து, "பழையதை எடுத்துக்கொள்வீர்களா? எடுத்தால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வி கேட்பது ஒன்றுதான் பகுத்தறிவுக்கு ஆரம்பம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று, "மூன்று மாதத்துக்கு ஒரு நாள் ஊராட்சி இந்தச் சாமானை வாங்கிச் சேர்த்து, பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்ப வேண்டும், போன கணக்கை அடுத்த சபையில் படிக்க வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது, முக்கியமானது. தட்டுவண்டியில் வரும் தோழரை விரட்டிவிட்டு இந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். சட்டம் வந்தது என்று சொல்லி அவர் சோற்றில் மண் போட்டால் நாமும் அந்தக் கம்பெனிக்காரர்களைப் போன்றவர்களே. வீடுவீடாகப் போய்ச் சேர்க்கும் திறமை அவருக்குத்தான் இருக்கிறது. அவரே ஊராட்சியின் சேகரிப்பாளராக இருக்கட்டும். கைக்கு உறையும், நாளுக்கு நியாயமான கூலியும், பதிவு அட்டையும் அவருக்குக் கிடைக்கட்டும். உடைக்காமல், கொளுத்தாமல், முழுசாகச் சேர்த்துக் கொடுப்பதற்கே அவருக்கு லாபம் வரும்படி செய்துவிட்டால், அவர் ஏன் நெருப்பு மூட்டப் போகிறார்? மனிதன் கெட்டவன் என்பதால் விஷப்புகை வருவதில்லை. வயிறு காய்வதால் வருகிறது.

"ஒருவன் செய்து என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவன் பூணூலை மதிக்காவிட்டால் என்ன ஆகும், ஒருவன் புரோகிதன் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்றும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும்.

தோழர்களே! கை தட்டிவிட்டுப் போவதால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பாருங்கள். அங்கே கிடப்பது யாருடைய கைக்குப் போகப்போகிறது, அந்தக் கைக்குரியவன் பிள்ளை எங்கே விளையாடிக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யோசித்துச் சரியென்று பட்டால், அடுத்த கிராம சபைக்கு வாய் திறக்கும் உறுதியோடு வாருங்கள். அதுதான் நீங்கள் எனக்குச் செய்யும் மரியாதை.